உலக்கை முதல் உள்நோக்குக் குழாய் வரை: முதியோர் தோள்மூட்டு மருத்துவத்தின் வரலாறு

நம் உடம்பில் உள்ள பெரிய மூட்டுகளில் அதிகமாகச் சுழல்வது தோள்மூட்டு. அதிகமாகக் கழல்வதும் அதுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஓர் ஆழமான கிண்ணத்துக்குள் பொதிந்து கிடக்கிறது. ஆகையால் அது எளிதில் நழுவாது, அதேபோல எல்லாப் பக்கமும் திரும்பவும் செய்யாது. தோளில் கிண்ணம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஓர் அகல் விளக்கின் மேல் தேங்காயை நிறுத்தி வைத்தது போன்ற அமைப்பு அது. பந்தின் பரப்பில் நாலில் ஒரு பங்கோ, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கோதான் ஒரு நேரத்தில் கிண்ணத்தின் மேல் பொருந்தியிருக்கும்.

அப்படியானால் தேங்காய் எப்படி விழாமல் நிற்கிறது? மூன்று காவல்கள் உண்டு. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வயல் வரப்புப் போல ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. இதற்கு லேப்ரம் என்று பெயர். அதோடு சேர்ந்து மூட்டை மூடி நிற்கும் மூட்டுறை இரண்டாவது காவல். மூன்றாவது, பந்தை முன்னும் மேலும் பின்னும் பிடித்துக் கிண்ணத்தோடு அழுத்தி வைக்கும் நான்கு தசைகளின் நாண்கள். இந்த நான்கையும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள்; சுழற்றுத் தசைநாண்கள் என்று தமிழில் சொல்லலாம்.

அடியேன் மருத்துவன் அல்லன். பாத்திரக் கடை வைத்து வியாபாரம் செய்பவன். ஆனாலும் நம் சங்கத்துக் குடும்பங்களில் அறுபது, எழுபது தாண்டிய பெரியவர்கள் வழுக்கி விழுந்து தோள் கழன்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊருக்கு வந்த பெற்றோர், பழக்கமில்லாத வழவழப்பான டைல்ஸ் போட்ட குளியலறையில் விழுகிறார்கள். அதனால் இந்த மூட்டின் வரலாற்றை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். படித்ததில் எனக்குத் தெளிவான செய்தி ஒன்று உண்டு: கழன்ற தோளை ஏற்றிவிட மனிதன் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டான், ஆனால் கழன்றது இளைஞனின் தோளா, முதியவரின் தோளா என்று கேட்டுப் பிரித்துப் பார்க்க, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தின் பலனை இன்றும் பல முதியவர்கள் அனுபவிக்கிறார்கள்.

எகிப்தியக் கல்லறையும் கிரேக்கரின் உலக்கையும்

எகிப்தில் தீப்ஸ் நகரத்துக்கு அருகே, அரசர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளிகள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்று உண்டு. இன்று அதற்கு டெய்ர் எல் மெதினா என்று பெயர். அங்கே இரண்டாம் ராம்சேஸ் காலத்துச் சிற்பி இப்புய் என்பவரின் கல்லறையில், வேலைத்தலத்தில் நடக்கும் விபத்துகளைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒருவன் காலில் சுத்தி விழுகிறது. ஒருவன் கண்ணுக்கு வைத்தியம் நடக்கிறது. இன்னொருவன் தரையில் கிடக்க, மற்றொருவன் அவன் கையை மடக்கிப் பிடித்துத் தோளைத் திருப்புகிறான். காலம் ஏறத்தாழ கி.மு. 1200.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், 1870-இல் தோளை ஏற்றும் ஒரு முறையை வெளியிட்டார். முழங்கையை மடக்கி, வெளிப்புறம் திருப்பி, முன்னே கொண்டுவந்து, உட்புறம் திருப்பும் முறை அது. 1909-இல் நோபல் பரிசு பெற்ற அதே கோக்கர்தான். பரிசு என்னவோ தைராய்டு ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. 1968-இல் ஒரு மருத்துவ இதழில் எகிப்தியச் சித்திரத்தை எடுத்துக்காட்டி, கோக்கர் முறைக்கு வயது மூவாயிரம் என்று எழுதினார்கள்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் 'மூட்டுகள்' என்று ஒரு நூல் உண்டு, கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. தோள் கழன்றால் ஏற்றுவதற்கு அதில் பல வழிகள் சொல்லியிருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்து, மருத்துவர் தன் குதிகாலை அக்குளில் கொடுத்துக் கையை இழுப்பது ஒன்று. ஏணிப்படியின் மேல் அக்குளை மாட்டுவது ஒன்று. துணி சுற்றிய உலக்கையை அக்குளில் கொடுத்து உயர்த்துவது இன்னொன்று.

அடிக்கடி கழலும் தோளுக்கும் அந்த நூல் மருந்து சொல்கிறது. அதுதான் சூட்டுக்கோல். அக்குள் தோலைப் பிடித்து இழுத்து, பழுக்கக் காய்ச்சிய மெல்லிய இரும்பால் சுட வேண்டும்; உள்ளே ஓடும் இரத்தக் குழாயும் நரம்பும் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். அந்தச் சுருக்கம் பந்து வெளியே வரும் வழியை அடைக்கும். தோளின் மேற்புறத்திலும் பின்புறத்திலும் சுடும் மற்ற வைத்தியர்களை நூலாசிரியர் கண்டிக்கிறார். பந்து எந்தப் பக்கம் நழுவுகிறதோ அந்தப் பக்கத்தை அல்லவா இறுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2400 ஆண்டுகளுக்கு முன் இது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் மனத்தில் இருந்த நோயாளி யார்? மல்யுத்தக்காரன், போர்வீரன். இந்தக் கோளாறால் விளையாட்டை விட்டவர்களையும் போரில் மாண்டவர்களையும் பற்றித்தான் கவலைப்படுகிறார்.

சுசுருதர் சொன்ன மும்மடங்கு

நம் நாட்டுப் பக்கம் வருவோம். சுசுருத சம்ஹிதை கி.மு. நூற்றாண்டுகளில் தொடங்கிப் பல கைகளால் திருத்தம் பெற்று வந்த நூல். அதன் நிதானஸ்தானம் 15-ஆம் அத்தியாயம் எலும்பு முறிவையும் மூட்டுக் கழலலையும் தனித்தனியே பிரிக்கிறது. கழலலில் மட்டும் ஆறு வகை சொல்கிறது. சிகிச்சாஸ்தானம் 3-ஆம் அத்தியாயம் வைத்தியத்தைக் கூறுகிறது. தோள்மூட்டு கழன்றால் முசலத்தை அக்குளில் கொடுத்து உயர்த்தி, பிறகு சுவஸ்திகம் என்னும் குறுக்குக் கட்டுப் போட வேண்டும் என்கிறது. முசலம் என்றால் உலக்கை.

கிரேக்கத்திலும் உலக்கை, இங்கேயும் உலக்கை. யார் யாரிடம் கற்றார்கள் என்று சிலர் வாதம் செய்வார்கள். எனக்கு அந்த வாதம் தேவையாகப் படவில்லை. தானியம் குத்துகிற வீடெல்லாம் உலக்கை இருந்தது. தோள் கழன்றவன் வலியில் துடிக்கும்போது கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுசுருதரிடம் நான் வியந்தது வேறு ஒன்று. கட்டு தளர்ந்திருந்தால் மூட்டு நிலைக்காது, இறுகியிருந்தால் வீக்கமும் வலியும் வரும் என்கிறார். குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்கிறார். அடுத்து, இளம் வயதில் ஒரு மாதத்தில் உறுதிப்படுவது நடுவயதில் இருமடங்கு, முதுமையில் மும்மடங்கு காலம் எடுக்கும் என்கிறார். ஆகச் சுசுருதர் நோயாளியின் வயதைக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் சொன்னது காலக் கணக்கு. முதியவரின் தோளுக்குள் கெட்டுப்போவதே வேறு பொருள் என்பதை அறிய, உள்ளே திறந்து பார்க்கும் காலம் வரவேண்டியிருந்தது.

நம்மவர்கள் நன்கறிந்த புத்தூர்க் கட்டு போன்ற மரபு வைத்தியம் இந்தப் பழைய நெறியின் வழியில் வந்தது. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் போட்ட பலகை இல்லாத தமிழ்நாட்டு நகரம் அரிது. கைப்பழக்கத்தில் தேர்ந்தவர்கள் அதில் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. அறுபது தாண்டியவர் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முதியவரின் எலும்பு மெலிந்திருக்கும். கழன்ற இடத்தில் விரிசலும் சேர்ந்திருக்கலாம். இரத்தக் குழாய் விறைத்திருக்கும். பலமாக இழுத்தால் அக்குள் தமனி கிழிந்து ஆபத்தாகும். கோக்கர் முறையில் வேகமாகத் திருப்பி முதியவரின் கை எலும்பை முறித்த சம்பவங்கள் மேல்நாட்டு மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியுள்ளன. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் இழுப்பு என்ற ஒழுங்கை யார் வைத்தியம் செய்தாலும் விடக்கூடாது.

பேங்கார்ட் கண்ட கிழிசல்

1846-இல் ஈதர் மயக்க மருந்தும், 1867-இல் லிஸ்டரின் கிருமிநாசினி முறையும் வந்த பிறகு மூட்டைத் திறந்து பார்க்கும் துணிவு மருத்துவர்களுக்கு வந்தது. பிரான்சில் புரோக்காவும் ஹார்ட்மனும் 1890-இல், அடிக்கடி கழலும் தோளில் லேப்ரமும் மூட்டுறையும் எலும்பை விட்டுப் பிய்ந்து நிற்பதை எழுதினார்கள். ஜெர்மானியர் பெர்த்தஸ் 1906-இல் அதைத் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைத்தார். ஆனால் பெயர் நிலைத்தது லண்டன் பேங்கார்ட்டுக்கு. 1923-இல் சுருக்கமாக எழுதினார்; 1938-இல் 27 பேருக்குச் செய்த அறுவையை விவரித்து, ஒருவருக்கும் மறுபடி கழலவில்லை என்று அறிவித்தார். வரப்பு உடைந்தால் வரப்பைத்தான் கட்ட வேண்டும், வயலைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பயனில்லை என்பதே அவர் கருத்தின் சாரம்.

1940-இல் ஹில், சாக்ஸ் என்ற இரு எக்ஸ்ரே நிபுணர்கள், பந்து கழன்று கிண்ண விளிம்பில் மோதுவதால் பந்தின் பின்பக்கத்தில் பள்ளம் விழுவதைக் காட்டினார்கள். 1954-இல் லியோன் நகரத்து மிஷேல் லாட்டர்ஜே, தேய்ந்த கிண்ணத்தின் முன்விளிம்பில் பக்கத்து எலும்புத் துண்டு ஒன்றை எடுத்து வைத்துத் திருகும் முறையைக் கொண்டுவந்தார். இவையெல்லாம் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் இந்த ஆராய்ச்சிகளில் மேசைமேல் கிடந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்.

வயதைக் கேட்ட மருத்துவர்கள்

1950-இல் நியூயார்க்கில் மக்லாஃப்லினும் கவல்லாரோவும், 1956-இல் பாஸ்டனில் கார்ட்டர் ரோவும் வயது வாரியாகக் கணக்கெடுத்தார்கள். ரோ ஆராய்ந்தது 500 தோள்களை. இருபது வயதுக்கு உட்பட்டவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்குத் தோள் மறுபடி கழன்றது. நாற்பது தாண்டியவர்களில் பத்துக்கு ஒருவர், இருவருக்குத்தான் அப்படி ஆனது.

இந்தக் கணக்கு சரியான கணக்கு. ஆனால் அதிலிருந்து பிறந்த ஆறுதல் வார்த்தை முதியவர்களுக்குக் கெடுதலாக முடிந்தது. "உங்க வயசுக்கு மறுபடி கழலாதுங்க, தூளி போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. மறுபடி கழலவில்லை என்றால் உள்ளே ஒன்றும் கெடவில்லை என்று அர்த்தமா? வியாபாரத்தில் கடன் திரும்பக் கேட்கவில்லை என்பதால் கடனே இல்லை என்று ஆகிவிடுமா?

மக்லாஃப்லின் இதைக் கவனித்திருந்தார். இளைஞனின் தசைநாண் கெட்டியான கயிறு. அதனால் முன்பக்க வரப்பு உடைந்து பந்து வெளியே வருகிறது. வயது ஏற ஏற நாண் நைந்துபோகிறது. கிணற்றுக் கயிறு உருளை உரசும் இடத்தில் நைவது போல. முதியவர் விழும்போது வரப்பு உடையாமல், பின்பக்கத்து நாண் அறுந்து, பந்து முன்னே புரண்டு வெளியே வரலாம் என்று அவர் விளக்கினார்.

வாஷிங்டனில் ஜூலியஸ் நெவியாசர் என்ற மருத்துவரும் அவர் மகன்களும் இதே தொழிலில் இருந்தார்கள். நம்மவர்களுக்குச் சர்க்கரை வியாதியோடு வரும் தோள் இறுக்கத்துக்கு இன்று வழங்கும் மருத்துவப் பெயரை 1945-இல் வைத்தவர் அந்த ஜூலியஸ்தான். அப்பாவும் பிள்ளைகளும் 1988-இலும் அதற்குப் பின்பும் எழுதிய கட்டுரைகள் முதியவர் தோளுக்கு நீதி வழங்கின என்றே சொல்வேன். நாற்பது தாண்டி, தோள் கழன்று, ஏற்றிவிட்ட பிறகும் கையைத் தூக்க முடியாதவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். நரம்பு அடிபட்டது, தானே சரியாகும் என்று சொல்லப்பட்டவர்களில் மிகப் பலருக்கு உண்மையில் அறுந்திருந்தது தசைநாண். மறுபடி மறுபடி கழலும் முதியவர்களைத் திறந்து பார்த்தபோது பேங்கார்ட்டின் வரப்பு உடையவில்லை. முன்பக்கத் தசையான சப்ஸ்கேபுலாரிஸின் நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. அதைத் தைத்ததும் தோள் நிலைத்தது.

எங்கள் கடைத்தெருவில் எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். மாடிப்படியில் சறுக்கித் தோள் கழன்றது. ஒரு மருத்துவமனையில் ஏற்றிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து என்னிடம், "தோள் ஏறிடுச்சு நயினாரே, கைதான் ஏறமாட்டேங்குது" என்றார். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரையும் தைலமுமாக மாதங்கள் ஓடியிருந்தன. பிறகு ஸ்கேன் எடுத்ததில் இரண்டு நாண் அறுந்து பின்னுக்குப் போயிருந்தது, தசையும் கொழுப்பாக மாறியிருந்தது. தைக்கும் காலம் தாண்டிவிட்டது. இரண்டு கையாலும் அண்டாவைத் தூக்கி அடுக்கியவர், கடைசி வரை சட்டை மாட்டுவதற்கும் துணை தேடினார்.

தசை கொழுப்பாவது என்பது வெறும் பேச்சு அல்ல. 1994-இல் பிரெஞ்சு மருத்துவர் கூட்டாலியே, ஸ்கேன் படத்தில் அந்த மாற்றத்தை அளந்து படிப்படியாகத் தரம் பிரித்தார். முற்றிய தசை நாணைத் தைத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. காலம் தாழ்த்தக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நாணைத் தைக்கும் கலையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். 1909-இல் அறுந்த நாணைத் தைத்து, 1911-இல் வெளியிட்டார். அவரிடம் இன்னொரு குணம் உண்டு. அறுவை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதி, ஓராண்டு கழித்துப் பலன் என்ன என்று பதிய வேண்டும், தவறியிருந்தால் காரணமும் எழுத வேண்டும் என்றார். நம் பேரேடு, ஐந்தொகை மாதிரிதான். மருத்துவ உலகம் அதை ரசிக்கவில்லை. பகை சம்பாதித்து வறுமையில் 1940-இல் இறந்தார். 2014-இல்தான் அவர் கல்லறைக்குக் கல் வைத்தார்கள். இன்று ஓர் அறுவையின் பலனை நாம் எண்ணிக்கையோடு பேச முடிகிறதென்றால் அது அவர் போட்ட வழி.

துளை வழியே பார்த்த கண்

திறந்து செய்யும் அறுவையில் நல்ல தசையையும் விலக்கி உள்ளே போகவேண்டும். முதியவருக்கு அது பெரும் சுமை. துளை போட்டுப் பார்க்கும் வழி ஜப்பானில் பிறந்தது. காசநோயால் முழங்கால் விறைத்துப் போனால், தரையில் அமரும் ஜப்பானியருக்கு வாழ்வே சிரமம். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நினைத்து, 1918-இல் டோக்கியோவில் கென்ஜி தக்காகி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். 1931-இல் நியூயார்க்கில் மைக்கேல் பர்மன், இறந்த உடல்களில் தோள்மூட்டு உள்பட பல மூட்டுகளைக் குழாய் வழியே பார்த்து எழுதினார். தக்காகியின் மாணவர் மசாகி வத்தனபே 1962-இல் குழாய் வழியாகவே முழங்கால் ஜவ்வை அறுத்தார். 1964-இல் டோக்கியோ சென்ற கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் கற்று, கலையை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்.

குழாய் இருந்தாலும் வெளிச்சமும் தெளிவும் வேண்டுமே? இங்கே ஒரு இந்தியர் வருகிறார். பஞ்சாபின் மோகாவில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டின் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். 1954-இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. கபானி 2020-இல் காலமானார். மறைவுக்குப் பின் 2021-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. ஹாப்கின்ஸ் 1959-இல் உருவாக்கிய கண்ணாடித் தண்டு லென்ஸ் அமைப்புதான் இன்றைய ஆர்த்ரோஸ்கோப்பின் கண். இழை ஒளியைக் கொண்டுபோகிறது. தண்டு லென்ஸ் உருவத்தைக் கொண்டுவருகிறது. கேமரா அதைத் திரையில் காட்டுகிறது. உப்புநீரைச் செலுத்தி மூட்டை விரித்து, பென்சில் கனத் துளைகள் இரண்டு மூன்றின் வழியே எல்லா வேலையும் நடக்கிறது.

சூட்டுக்கோல் திரும்பி வந்த கதை

புதிய கருவி வந்தவுடன் எல்லாம் வெற்றி என்று நினைத்துவிடக்கூடாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லானி ஜான்சன், துளை வழியே உலோக ஸ்டேபிள் அடித்துக் கிழிந்த பகுதியை எலும்போடு சேர்த்தார். ஸ்டேபிள் தளர்ந்தது, தோள் மறுபடி கழன்றது. பிறகு எலும்பைக் குடைந்து நூல் கோத்துப் பின்பக்கம் முடிச்சிட்டார்கள். அடுத்து வந்தது நங்கூரத் தையல்: நூல் கோத்த சின்னஞ்சிறு ஆணியை எலும்பில் இறக்கி, அந்த நூலால் கிழிசலைக் கட்டுவது. இதுவே நிலைத்தது. முதலில் உலோகம், பிறகு உடம்பில் கரையும் பொருள், இப்போது முழுக்க நூலாலேயே ஆன நங்கூரமும் உண்டு.

1990-களின் பிற்பகுதியில் வேடிக்கை ஒன்று நடந்தது. வெப்பமூட்டும் கருவியைத் துளை வழியே விட்டு, தளர்ந்த மூட்டுறையைச் சுட்டுச் சுருக்கும் முறை வேகமாகப் பரவியது. ஹிப்போகிரட்டீஸின் சூட்டுக்கோல் மின்சாரத்தோடு திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷத்திலேயே தோள்கள் மறுபடி கழன்றன. சிலருக்குக் குருத்தெலும்பே கரைந்துபோனது. முறையைக் கைவிட்டார்கள்.

2000-ஆம் ஆண்டில் பர்க்ஹார்ட்டும் டி பீரும் 194 ஆர்த்ரோஸ்கோப்பி அறுவைகளின் கணக்கை வெளியிட்டார்கள். எலும்பு பெரிதாகத் தேயாதவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கழன்றது. கிண்ணமோ பந்தோ வெகுவாகத் தேய்ந்தவர்களில் 67 சதவீதம் பேருக்குக் கழன்றது. கையாண்ட முறை ஒன்றுதான், ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் வித்தியாசம். காட்மன் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இன்று முதியவருக்கு என்ன வழி

முதியவரின் தோள் அடிக்கடி கழன்றால், இன்றைய மருத்துவர் முதலில் எது கெட்டிருக்கிறது என்று பிரித்தறிகிறார். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாணைக் காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் வேண்டும். எலும்புத் தேய்மானத்தை அளக்க சி.டி. ஸ்கேன். வரப்பு மட்டும் உடைந்திருந்தால் இளைஞனுக்குப் போலவே நங்கூரத் தையல். நாண் அறுந்திருந்தால் அதைத் தைப்பதுதான் முதல் வேலை. இரண்டும் கெட்டிருந்தால் ஒரே அமர்வில் இரண்டையும் தைக்கிறார்கள். கிண்ணத்து விளிம்பு நொறுங்கியிருந்தால் எலும்பு வேலை தேவைப்படும்.

வயதானவருக்கு அறுவையே கூடாது என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. வயது மட்டுமே தடையல்ல. இதயம், சர்க்கரை, எலும்பின் உறுதி, நாணின் நிலை, அவர் கையை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பவற்றை எல்லாம் சேர்த்து எடைபோட்டே முடிவு செய்கிறார்கள். ஆர்த்ரோஸ்கோப்பியில் தசையை வெட்டாததால் வலியும் கிருமி பயமும் குறைவு. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: முதியவர் தோள் சீக்கிரம் இறுகிப்போகும். தைத்த நாண் எலும்போடு ஒட்டுவதும் மெதுவாகவே நடக்கும். சுசுருதரின் மும்மடங்குக் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அறுவைக்குப் பிந்திய பயிற்சி மாதக்கணக்கில் நீளும். அதற்குக் குடும்பம் தயாராக இருந்தால்தான் அறுவைக்குப் பலன்.

நாண் தைக்க முடியாத அளவு கெட்டிருந்தாலும் இன்று வழி இல்லாமல் இல்லை. பிரான்சின் தீஜோன் நகரத்து போல் கிரமோன் 1985-இல் ஒரு செயற்கை மூட்டை உருவாக்கினார். அதில் பந்து இருந்த இடத்தில் கிண்ணமும், கிண்ணம் இருந்த இடத்தில் பந்தும் தலைகீழாக வைக்கப்படும். சுழற்றுத் தசைகள் இல்லாமலேயே மேல்தோள் தசை கையைத் தூக்கிவிடும். வயதில் மூத்தவர்களுக்கு, வேறு வழி அடைபட்டபோது இது கைகொடுக்கிறது.

குடும்பத்தார் கவனத்துக்கு

சில செய்திகளை மட்டும் தொகுத்துச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர் விழுந்து தோள் கழன்றால் யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். துணியால் தாங்கிக் கட்டி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். விரல் மரத்துப்போதல், கை குளிர்தல், அக்குளில் வேகமாக வீக்கம் ஆகியவை இருந்தால் அது அவசரம். தூளியில் எத்தனை நாள் கை இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவருக்கு வாரக்கணக்கில் நீண்டால் தோள் இறுகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: தோள் ஏறி, வலி தணிந்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் பெரியவரால் தானாகக் கையைத் தூக்க முடியவில்லை என்றால் "வயசாச்சு, மெதுவா வரும்" என்று விட்டுவிடாதீர்கள். தசைநாண் அறுந்திருக்கிறதா, ஸ்கேன் வேண்டுமா என்று வாய்திறந்து கேளுங்கள். மொழி தெரியாத ஊரில் டாக்டரிடம் கேள்வி கேட்கத் தயங்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள்தான் பேச வேண்டும். முதல் சில வாரங்களில் கண்டுபிடித்தால் துளை வழியே தைத்துவிடலாம். ஆறு மாதம் போனால் அந்த வாய்ப்பு பலருக்குப் போய்விடுகிறது.

நம் பெற்றோர் பிறந்த ஊரை விட்டு நம்மை நம்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் தன் கையால் சோறு உண்டு, தன் கையால் தலை சீவி, பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். மருத்துவம் அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. காலத்தில் கேட்டுப் பெற வேண்டியது நம் பொறுப்பு.